கோழிக்குள் ஒரு தெர்மாமீட்டர்

(மூன்றாம் ஆண்டு, கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல்)



மலர்க்குழுவிலிருந்து வந்து "கட்டுரை குடுறா" என்று கேட்டபோது, எல்லோரையும் போல "இன்றைய இளைஞர்களும் நாளைய இந்தியாவும்" என்று ஏதாவது எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இந்த வருடம் எனக்கு ஒரு கோழி பாடம் நடத்திவிட்டது. சிரிக்காதீர்கள்! மூன்று வருடமாக அளவியல் பாடத்தில் படித்து, வைவாவில் ஒப்பித்து, மார்க்கும் வாங்கி, ஆனால் மண்டையில் மட்டும் ஏறாமலே இருந்த ஒரு விஷயம் ஒரே ஒரு சனிக்கிழமை ராத்திரியில் ஏறியது. அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். சைவ நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கோழிக்குப் பதில் கொதிகலன் என்று வைத்துப் படித்தாலும் பாடம் ஒன்றுதான்.

கருவி வந்த கதை

எங்கள் மாமாவுக்குக் கோவைப் பக்கம் சின்னதாக ஒரு கிரில் சிக்கன் கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வியாபாரம். கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டி, பின்பக்கம் கேஸ் பர்னர், குறுக்கே சுற்றும் ஐந்து கம்பிகள், கம்பிக்கு நாலு கோழி. நீங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கும் அதே மெஷின்தான்.

மாமாவின் நண்பர் ஒருவர் துபாயிலிருந்து வரும்போது ஒரு சாமான் கொண்டுவந்து கொடுத்தார். பென்சில் நீளத்துக்கு ஒரு ஸ்டீல் குச்சி. ஒயரே கிடையாது. கறியில் குத்திவிட்டால், உள்ளே எத்தனை டிகிரி என்று செல்போனில் காட்டும். சுற்றுகிற கம்பியில் ஒயர் வைத்த கருவியை மாட்டினால் இரண்டே சுற்றில் ஒயர் முறுக்கிக்கொள்ளும் அல்லவா? அதனால் மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இது நெசஞ் சொல்லுதா பொய் சொல்லுதான்னு எனக்குப் புடிபடல. நீதான் மீட்டருக்குப் படிக்கிற புள்ளையாச்சே, காலேஜ்ல வெச்சுப் பாத்துச் சொல்லு."

எங்களுக்கோ ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த நேரம். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி ஆயிற்று. மூன்று பேர் சேர்ந்து எடுத்துக்கொண்டோம்.

இந்தக் கருவி உண்மையில் பிறந்த ஊர் நம் ஊர் அல்ல. அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் மூடி போட்ட கரி அடுப்பை வைத்து, பெரிய பெரிய இறைச்சித் துண்டங்களை மணிக்கணக்கில் வாட்டுவார்கள். அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு ஓடிப்போகும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவும் முடியாது. எனவே முதலில் வந்தது ஒயர் வைத்த ப்ரோப். ஒயர் மூடிக்கு வெளியே வந்து ஒரு டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் சேரும். அது ரேடியோ அலையில் வீட்டுக்குள் இருக்கும் ரிசீவருக்குச் சொல்லும். பிறகு ஒயரே இல்லாத வகை வந்தது. 2015ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி அறிமுகமான 'மீட்டர்' என்ற ப்ரோப் இவற்றில் பிரபலமானது. பெயரிலேயே சிலேடை: 'மீட்' என்றால் இறைச்சி, 'மீட்டர்' என்றால் அளவி! எங்கள் கைக்கு வந்தது வேறொரு தயாரிப்பு. அதன் பெயர் இங்கே தேவையில்லை.

கண்ணை நம்பக் கூடாதா?

"வெந்துச்சா இல்லையான்னு பார்த்தாலே தெரியாதா? இதுக்குப் போய் மீட்டரா?" என்று என் அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில்: பார்த்தால் தெரியாது.

கோழிக்கறியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். அவை நிறத்தைப் பார்த்துச் சாவதில்லை, சூட்டில்தான் சாகின்றன. அமெரிக்க விவசாயத் துறை கோழிக்குச் சொல்லும் உள்சூடு 165 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 74 டிகிரி செல்சியஸ். கொத்திய மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சிக்கு 71 டிகிரி. முழுத் துண்டமாக இருந்தால் 63 டிகிரி, அதற்குப்பின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். கொத்தினால் ஏன் கூடுதல் சூடு? முழுத் துண்டத்தில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே போய்விடுகிறது.

சூடு மட்டுமல்ல, நேரமும் கணக்கில் சேரும். பிரிட்டனில் 70 டிகிரியில் 2 நிமிடம் என்று சொல்கிறார்கள். 74 என்பது, அந்தச் சூட்டைத் தொட்டாலே போதும், நேரம் பார்க்கத் தேவையில்லை என்கிற எண்.

நிறம் ஏமாற்றும். இளங்கோழியில் எலும்பை ஒட்டிய இடம் நன்றாக வெந்த பிறகும் சிவப்பாகத் தெரியலாம். கொத்துக்கறியோ 71 டிகிரிக்கு முன்பே பழுப்பாகிவிடலாம். போதாக்குறைக்கு நம் கடைகளில் மிளகாய்த்தூளும் மசாலாவும் பூசிச் செக்கச்செவேலென்று வைத்திருக்கிறோம். இதில் எந்தச் சிவப்பு எதன் சிவப்பு என்று யார் சொல்வது?

குச்சிக்குள் என்ன இருக்கிறது?

சரி, பாடத்துக்கு வருவோம். இறைச்சித் தெர்மாமீட்டர்களில் நமக்குத் தெரிந்த பழைய நண்பர்கள்தான் இருக்கிறார்கள்.

முதலாமவர் தெர்மோகப்பிள். கே வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். மெல்லிய முனை, சட்டென்று காட்டும். ஆனால் சாதாரண தர ஒயரில் 2 டிகிரிக்கு மேலும் பிழை அனுமதிக்கப்படுகிறது. இரண்டாமவர் ஆர்.டி.டி. பி.டி.100 என்றால் 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். ஒழுக்கமான ஆள், விலைதான் கூட. மூன்றாமவர் என்.டி.சி. தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். மலிவு, சின்ன மாற்றத்துக்கும் பெரிதாக அசைவார், ஆனால் நேர்கோட்டில் போகமாட்டார். ஒயர் வைத்த வகைகளில் பெரும்பாலும் இவரைத்தான் பார்க்கலாம்.

ஒயரில்லாத குச்சியில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. சுற்றிலும் காற்று 250 டிகிரி இருக்கும்போது, உள்ளே இருக்கிற பேட்டரியும் ஐ.சி.யும் எப்படிப் பிழைக்கின்றன? விடை: கறிக்குள் ஒளிந்துகொள்கின்றன! இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை உள்சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகையால் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் குத்துகிற பக்கத்திலும், ஆன்டெனா வெளியே நீட்டுகிற பக்கத்திலும் இருக்கும். குச்சியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வரை குத்தாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் வெந்துவிடும், கோழி வேகாது.

ஐஸ் வைத்த சோதனை

எந்தத் தெர்மாமீட்டரையும் காசில்லாமல் சோதிக்க இயற்கை நமக்கு இரண்டு புள்ளிகளைக் கொடுத்திருக்கிறது. ஒன்று உருகும் ஐஸ், மற்றொன்று கொதிக்கும் தண்ணீர்.

முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியைப் போட்டுக் குச்சியை அடிவரை விட்டேன். 3.4 டிகிரி காட்டியது. "மேடம், இது டூப்ளிகேட் மேடம்!" என்று துறைத்தலைவர் மேடத்திடம் ஓடினேன். அவர் வந்து டம்ளரைப் பார்த்துவிட்டு, "தண்ணி எந்த டிகிரியில ரொம்ப கனம்?" என்று கேட்டார். நான்கு டிகிரி! ஐஸ் மேலே மிதக்கிறது, கலக்காத டம்ளரின் அடியில் 4 டிகிரித் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கருவி உண்மையைச் சொல்லியிருக்கிறது. தப்பு டம்ளரில்.

சரியான முறை இது: ஐஸை நன்றாக நொறுக்கிப் பாத்திரம் நிறையப் போட வேண்டும். இடைவெளியை நிரப்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர். கலக்கிக்கொண்டே, முனை சுவரில் படாமல் நடுவில் பிடிக்க வேண்டும்.

கொதிநீரில் இன்னொரு பொறி இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல் மட்டத்தில். கோவை கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே இருப்பதால், இங்கே 98.6 டிகிரி அளவில் கொதிக்கும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் ஏறக்குறைய 92 முதல் 93 டிகிரிதான். ஊட்டி நண்பன் "என் மீட்டர் ஏழு டிகிரி தப்பு" என்று திருகித் திருத்தினால், அன்றிலிருந்துதான் அது தப்பாகும்.

நாங்கள் லேப் பி.டி.100ஐ ஆதாரமாக வைத்து, வெந்நீர்த் தொட்டியில் ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்து முறை ஒப்பிட்டோம். பி.டி.100 காட்டியது 0.0 என்றால் எங்கள் குச்சி 0.4, 60.0 என்றால் 60.5, 74.0 என்றால் 74.6. ஐந்து முறைக்கும் உள்ள வித்தியாசம் 0.2 டிகிரிக்குள்.

இங்கே ஒரு சின்ன வைவா. திரையில் புள்ளிக்குப் பின் ஒரு இலக்கம் காட்டுவது ரெசல்யூஷன். ஐந்து முறையும் ஒரே மாதிரி காட்டுவது ரிப்பீட்டபிலிட்டி. உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் அக்யூரசி, துல்லியம். மூன்றும் வேறு வேறு. 74.6 என்று இலக்கம் போட்டுக் காட்டுவதால் மட்டும் ஒரு கருவி துல்லியமானதாகிவிடாது.

எங்கள் குச்சி மூன்றிலும் தேறியது. சந்தோஷத்தில் அறிக்கையின் கடைசி வரியை இப்படி எழுதினேன்: "இக்கருவியின் பிழை 0.6 டிகிரிக்குள் உள்ளது. ஆகவே இது நம்பகமானது."

மேடம் படித்தார். எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். 'ஆகவே' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "என்ன மேடம் தப்பு?" என்றேன். "நீயே கண்டுபிடி" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை

அடுத்த வாரம் எங்கள் விடுதி நாள். சாப்பாட்டுக்குக் கிரில் சிக்கன். ஆர்டர் மாமா கடைக்குத்தான். நாற்பது கோழி, இரண்டு ஈடு. கமிட்டியில் நான் இருந்ததால் மாமாவிடம் பேசி விலையும் குறைத்தாயிற்று. "எங்க ப்ராஜெக்ட் மீட்டரை வெச்சே வேக வைக்கிறோம்" என்று விடுதி முழுக்க ஜம்பம் வேறு அடித்திருந்தேன்.

முதல் ஈட்டில் மேல் மூன்று கம்பிகளை முன்னாடியே மாட்டியிருந்தோம். கீழ் இரண்டு கம்பியில் இருந்தவை அரை மணி பிந்தி மாட்டியவை. மேல் கம்பிக் கோழியில் குச்சி. 76 வந்தால் மணி அடிக்கச் சொல்லி வைத்திருந்தேன். அடித்தது. 78 வந்ததும், லேபிலிருந்து கொண்டுவந்திருந்த கே வகைத் தெர்மாமீட்டரால் இரண்டு இடத்தில் குத்திச் சரிபார்த்து இறக்கினோம். அதுவரை எல்லாம் அமர்க்களம்.

போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. கடைப் பையனிடம் கொடுத்துக் கல்லாவில் சார்ஜ் போடச் சொன்னேன். கல்லா சுவருக்கு அந்தப் பக்கம், நடுவில் ஒரு பெரிய பிரிட்ஜ். நான் குச்சியை எடுத்துத் துடைத்து, கீழ்க் கம்பிக் கோழியில் குத்திவிட்டு, கண்ணாடிக் கதவை மூடினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் கொடுத்தேன். "தம்பி, எவ்ளோ காட்டுது?"

"எழுபத்தெட்டுங்ணா!"

"அப்ப எறக்கிரலாம்!"

இறக்கியும் விட்டோம். பார்சல் கட்டத் தாள் விரித்தாயிற்று. மாஸ்டர் வந்தார். இருபது வருடமாக அடுப்பில் நிற்கிறவர். ஒரு கோழியின் காலைப் பிடித்து லேசாகத் திருகிப் பார்த்தார்.

"தம்பீ, இது வேகலைங்க."

"மாஸ்டர், எழுபத்தெட்டு டிகிரி காட்டுதுங்க."

"அது காட்டட்டுங்க. கால் திரும்ப மாட்டேங்குதுல்ல?" என்று தொடைச் சந்தில் கத்தியை வைத்துக் கீறினார். உள்ளே கறி கண்ணாடி மாதிரி வழவழவென்று பச்சையாக இருந்தது. லேப் தெர்மாமீட்டரைக் குத்தினேன். 57.

ஓடிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 78. அதற்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில், சாம்பல் நிறத்தில்: கடைசியாகத் தகவல் வந்தது 26 நிமிடத்துக்கு முன்.

புரிகிறதா நண்பர்களே? போன் சுவரைத் தாண்டியதும் தொடர்பு அறுந்துவிட்டது. அறுந்த நிமிடத்தில் இருந்த 78, அதாவது மேல் கம்பிக் கோழியின் 78, அப்படியே திரையில் உறைந்து நின்றது. நாங்கள் கீழ்க் கம்பிக் கோழியை அந்தப் பழைய எண்ணை வைத்து இறக்கியிருக்கிறோம்.

எட்டுக் கோழியையும் மறுபடி மாட்டினோம். சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம். விடுதியில் என்னைத் திட்டாத ஆள் இல்லை. நான் வாயே திறக்கவில்லை. மாஸ்டர் அன்றைக்கு லீவு போட்டிருந்தால்? திங்கட்கிழமை எங்களுக்கு ப்ராக்டிகல் தேர்வு. எத்தனை பேர் லேபில் இருந்திருப்பார்கள், எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்கள்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் நான்கு, ஏன் பூஜ்யம் இல்லை?

தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் அந்த வைவாக் கேள்வி ஞாபகம் வந்தது. நம் துறையில் கேட்காத எக்ஸாமினர் கிடையாது: "தொழிற்சாலையில் சிக்னலை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்று ஏன் வைத்தார்கள்? 0 முதல் 20 என்று ஏன் வைக்கவில்லை?"

"லைவ் ஜீரோ சார்" என்று ஒப்பிப்போம். அதற்கு என்ன அர்த்தம்? அளவு பூஜ்யமாக இருந்தாலும் 4 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒயர் அறுந்தால் 0 ஆகும். ஆக, 'அளவு பூஜ்யம்' என்பதும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் இரண்டு வேறு பதில்கள். தெர்மோகப்பிள் அறுந்தால் கன்ட்ரோலர் வேண்டுமென்றே உச்ச அளவுக்குப் போய் பர்னரை அணைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். நல்ல கருவிக்குத் தன் மௌனத்தையும் சொல்லத் தெரிய வேண்டும்.

எங்கள் குச்சி துல்லியமானது, சந்தேகமே இல்லை. அது சொன்ன 78 சரியான 78தான். ஆனால் அது வேறு கோழியின் 78, வேறு நேரத்தின் 78. துல்லியம் என்பது எண்ணைப் பற்றியது. நம்பகம் என்பது அந்த எண் இப்போது, இந்த இடத்துக்கு உரியதுதானா என்பதைப் பற்றியது. நான் முதலாவதை நிரூபித்துவிட்டு, 'ஆகவே' போட்டு இரண்டாவதைச் சொல்லிவிட்டேன்.

அலை எங்கே போனது?

இந்தக் குச்சிகள் பெரும்பாலும் புளூடூத்தில் பேசுகின்றன. குறைந்த மின்செலவுள்ள புளூடூத் முறை 2010ல் வந்த 4.0 பதிப்பில் சேர்ந்தது. அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதே அலைவரிசையில்தான். அதாவது தண்ணீர் இந்த அலையை விழுங்கும். கோழியோ முக்கால் பங்கு தண்ணீர். சுற்றிலும் ஸ்டீல் பெட்டி. அலை வெளியே வர வழி கண்ணாடிக் கதவு ஒன்றுதான்.

கடையில் நடந்து நடந்து பார்த்தோம். கண்ணாடிக்கு நேரெதிரே நின்றால் ரோடு வரை வந்தது. பெட்டியின் முதுகுப்பக்கம் நாலு அடியில் அறுந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் சுத்தமாக இல்லை. கம்பி சுற்றும்போது, ஆன்டெனா முனை பின்பக்கம் போகிற ஒவ்வொரு சுற்றிலும் சிக்னல் இறங்கி ஏறியது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற தூரம் வெட்டவெளியில், நேருக்கு நேர் நிற்கும்போது கிடைக்கிற தூரம். மூடி போட்ட அடுப்புக்கு அது பொருந்தாது.

டிரான்ஸ்மிட்டர் பெட்டியை வெளியே வைக்கும் ஒயர் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. அமெரிக்காவில் 915, ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசையில் பேசுபவை சுவரையும் கொஞ்சம் சுலபமாகத் தாண்டும். ஆனால் அவற்றுக்கு வேறொரு வியாதி உண்டு.

ஒயர் ப்ரோப் நனைந்தால்

ஒயர் ப்ரோப்பைத் தட்டோடு சேர்த்துத் தொட்டியில் ஊறப்போட்டால், ஒயர் சேரும் வாயில் தண்ணீர் புகும். உள்ளே தெர்மிஸ்டருக்கு இணையாக ஒரு கசிவுப் பாதை உண்டாகும். இணைப்பில் சேர்ந்தால் மொத்த ரெசிஸ்டன்ஸ் குறையும். என்.டி.சி.யில் ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் கருவி 'சூடு கூடிவிட்டது' என்று நினைக்கும். வேகாததை வெந்தது என்று சொல்லும். ஆபத்தான பக்கமே சாய்கிறது, பாருங்கள்!

கணக்குப் போடுவோம். 25 டிகிரியில் 100 கிலோ ஓம், பீட்டா 3950 உள்ள தெர்மிஸ்டர். 74 டிகிரியில் சுமார் 15.4 கிலோ ஓம். 63 டிகிரியில் சுமார் 22.3 கிலோ ஓம். இப்போது 50 கிலோ ஓம் கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 22.3ம் 50ம் இணையாகச் சேர்ந்தால் 15.4. அதாவது கோழி 63ல் இருக்கும்போது திரை 74 என்று சொல்லும்!

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? ஐஸ்தான். 0 டிகிரியில் அதே தெர்மிஸ்டர் சுமார் 336 கிலோ ஓம். 50 கிலோ ஓம் இணைந்தால் 43.5 ஆகிவிடும். திரை ஐஸ் தண்ணீரில் 45 டிகிரி என்று காட்டும். பிழை 11 டிகிரியாக ஒளிந்திருந்தது, ஐஸில் 45 டிகிரியாக வெளியே வந்துவிடுகிறது. 'நாம் அளக்கப்போவது 74, ஐஸில் எதற்குச் சோதிக்க வேண்டும்' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஒரு சோறு பதம் போதுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்குச் சரி. கொதிக்கிற தண்ணீர் பானை முழுக்கச் சூட்டைக் கலக்கிவிடுகிறது. கோழிக்குள் கலக்க ஆளில்லை. வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத்தான் சூடு போகிறது. ஒரே கோழியில் இறக்கைப் பக்கம் 90 இருக்கும்போது தொடைச் சந்தில் 65 இருக்கலாம். கருவி காட்டுவது முனை இருக்கிற இடத்தின் சூட்டை மட்டும்தான்.

முனை எலும்பில் பட்டாலும், வயிற்றுப் பொந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலும் கிடைப்பது கறியின் சூடல்ல. தடிமனான இடத்தின் நடுவே இருக்க வேண்டும். குத்தியதும் வருகிற எண்ணையும் நம்பக் கூடாது. ஒரு டைம் கான்ஸ்டன்ட்டில் 63.2 சதவீதம்தான் வரும், ஐந்து கடந்தால்தான் 99ஐத் தாண்டும். எண் ஓடி நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.

அடுப்புச் சூட்டையும் காட்டுகிறேன் என்று சில குச்சிகள் வெளிமுனையில் இன்னொரு சென்சார் வைத்திருக்கும். குளிர்ந்த கறியை ஒட்டி இருப்பதால் அது அடுப்பின் உண்மையான சூட்டைவிடக் குறைவாகவே காட்டும். அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

கடைக்கு எழுதிக்கொடுத்தது

எல்லாம் முடிந்து மாமா கடைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். உங்களுக்கும் உதவலாம்.

1. வாரம் ஒருமுறை நொறுக்கிய ஐஸில் வைத்துப் பார். 0க்கு ஒரு டிகிரி மேலோ கீழோ தாண்டினால் உபயோகிக்காதே.

2. போன் கண்ணாடிக்கு எதிரில்தான் இருக்கணும். கல்லாவுக்குப் போகக் கூடாது.

3. எண்ணைப் பார்க்கும் முன் நேரத்தைப் பார். எண் அசையாமல் நின்றால் சந்தேகப்படு. வேகிற கோழியின் எண் ஏறிக்கொண்டே இருக்கும்.

4. குச்சியை இடம் மாற்றினால், எண் இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே நகரு. பச்சைக் கறியில் குத்தினால் எண் விழுந்தே ஆக வேண்டும்.

5. ஒயர்லெஸ் எப்போது பார்க்கணும் என்று சொல்லும். இறக்கலாமா என்பதைக் கைத் தெர்மாமீட்டரால் தொடையிலும் நெஞ்சிலும் குத்தி முடிவு செய். கம்பிக்கு ஒரு கோழியாவது பார்.

6. பச்சைக் கறியில் குத்திய குச்சியைக் கழுவித் துடைக்காமல் வெந்த கறியில் குத்தாதே. ஒயர் ப்ரோப் என்றால் ஈரத்துணியால் துடை, ஊறப்போடாதே.

மாஸ்டர் தாளை முழுக்கப் படித்துவிட்டு, "ஏழாவதா ஒண்ணு எழுதுங்க தம்பி. மாஸ்டரையும் ஒரு வார்த்தை கேளு" என்றார். சிரித்துக்கொண்டே எழுதினேன். ஆனால் அது சிரிக்கிற விஷயமில்லை. வேறு வழியில் அளக்கிற இரண்டாவது சாட்சி என்றைக்கும் வேண்டும் என்பதைத்தான் அவர் அவருடைய பாஷையில் சொன்னார்.

திங்கட்கிழமை ப்ராக்டிகல் முடிந்து மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அந்த 'ஆகவே'யை அடிச்சுடறேன் மேடம்" என்றேன்.

"அடிக்காதே. அதுக்கு மேல எழுத வேண்டியதை எழுது" என்றார்.

எழுதினேன். தொடர்பு அறுந்தால் எத்தனை நொடியில் தெரிகிறது, எந்தெந்த இடத்தில் அறுகிறது, இடம் மாற்றினால் என்ன ஆகிறது என்று எட்டுப் பக்கம் கூடியது. 'ஆகவே' அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் வந்த வரிதான் மாறியது: "ஆகவே இது, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்வரை நம்பகமானது."

நண்பர்களே, நாளைக்கு நாம் கொதிகலன் முன்னாலோ, மருந்துக் கம்பெனியிலோ, மின்நிலையக் கன்ட்ரோல் ரூமிலோ உட்காரப்போகிறோம். அங்கேயும் பெரிய எழுத்தில் ஒரு எண் நிற்கும். அது எப்போதைய எண், எந்த இடத்தின் எண் என்று ஒரு நொடி கேளுங்கள். அந்த எட்டுக் கோழியும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

தேர்வுகளில் அனைவரும் வெற்றி பெற வாழ்த்துக்கள். அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இரட்டை வாழ்த்துக்கள்!